ஒரே ஒரு ஸ்டார்

கணக்கு வாத்தியார் இரண்டு மாஸ்க் போட்டுக்கொண்டு, கதவுக்குப் பின்னால் மூச்சைப் பிடித்தபடி காத்திருந்தார்.

"கடைக்குப் போறவன் கொரோனாவைக் காசு குடுத்து வாங்கறான். எங்க வீட்ல எல்லாமே போன் ஆப்லதான்!" என்று பால்கனியில் நின்று தெருவுக்கே பாடம் எடுத்தவர் அவர். ஆர்டர் போடுவது மட்டும் மனைவி. அவருக்குப் போனில் எழுத்து கண்ணுக்குத் தெரியாது.

ஆனால் பை கொண்டுவருகிறவன் மணியை அடித்துவிட்டு ஓடிவிடுகிறான். நேற்று தக்காளி கூழாகிக் கிடந்தது.

"அவனுக்கு ஒரே ஒரு ஸ்டார் போடு!" என்று காலையிலேயே குதித்தார்.

"சரிங்க" என்ற மனைவி, துணி வாளியோடு மொட்டை மாடிக்குப் போனாள். போனால் லேசில் இறங்கமாட்டாள், எதிர்வீட்டுக்காரியோடு பேச்சு.

மணி அடித்தது. வெடுக்கென்று கதவைத் திறந்தார். தொப்பி, மாஸ்க், மழைக்கோட்டோடு ஓர் உருவம் படியிறங்கி ஓடியது.

"நில்றா! வீடு வீடா நோயைக் கொண்டு வர்றியா? போலீசைக் கூப்பிடவா?"

உருவம் நின்றது. மெல்லத் திரும்பி மாஸ்க்கை இறக்கியது.

மனைவி!

"முதல் நாள்லேர்ந்தே அந்த ஆப்ல ஆர்டர் எடுக்கலீங்க. நீங்களோ ஊரெல்லாம் சொல்லிட்டீங்க. மூச்சுத் திணறல் இருக்கற உங்களை வரிசையில நிக்க வைக்க முடியுமா? அதான் பின்பக்கப் படி வழியா நானே போயிட்டு வந்தேன்."

வாத்தியார் குனிந்து வாசலில் இருந்த பையை எடுத்துக்கொண்டார்.

"அந்த ஒரு ஸ்டாரை மட்டும் என் கையிலயே குடுத்துடுங்க" என்றாள் அவள்.