எதையும் மறைக்கவில்லை

கம்பெனி வக்கீலின் அறையில் மத்தியான வெயில் மேசைவரை வந்து நிற்கிறது. தன் பெயரில் தயாரான பிரமாணப் பத்திரத்தை சூப்பர்வைசர் விரலால் தொட்டுத் தொட்டுப் படிக்கிறார். பிரஸ் மெஷினில் பிரேக் பிடிக்கவில்லை என்று முதலாளிக்கு அவர் எழுதிய மூன்று கடிதங்களும் அதில் இல்லை. அந்த மெஷினில் செத்துப்போன ஆபரேட்டர் அன்றைக்கு லேட்டாக வந்தார் என்பது இருக்கிறது. அது உண்மைதான், நாலு நிமிஷம். "லெட்டரைக் காணோமே சார்." "கேட்காததை ஏன் சொல்லணும்? எதிர்த்தரப்பு இதுக்கு சப்ரெஸியோ வெரின்னு பேர் வைக்கும், உண்மையை அமுக்கிட்டோமாம். லேட்டுன்னு சொல்லித் தப்பா நினைக்க வெச்சா சஜெஸ்டியோ ஃபால்ஸி. லத்தீன்." "லத்தீன் எந்த ஊர்ல சார் பேசுறாங்க?" "யாரும் பேசுறதில்ல. செத்த பாஷை." "அப்ப அதுவும் சாட்சி சொல்ல வராது." வக்கீல் சிரிக்காமல் பேனாவை நீட்டுகிறார். 'எதையும் மறைக்கவில்லை' என்கிற கடைசிப் பத்தி எல்லாப் பத்திரத்துக்கும் பொது. டைப்பிஸ்ட் அம்மா அதைத்தான் முதலில் அடித்து வைப்பார். கையெழுத்துப் போடாவிட்டால் சூப்பர்வைசருக்கு நாளைக்கு வேலை இல்லை. அந்தப் பத்தியின் கீழே போடுகிறார். மை காய்வதற்குள் செல்போன் மேசையில் நடுங்குகிறது, ஆபரேட்டரின் மனைவி. "எடுத்துப் பேசுங்க," என்கிறார் வக்கீல், "பொய் மட்டும் சொல்லிடாதீங்க." அவர் எடுக்கிறார். "அண்ணே, நடந்ததை நீங்க கோர்ட்டுல சொன்னாலே நஷ்டஈடு வந்துடும்னு எங்க வக்கீல் சொல்றாரு. சொல்லிடுவீங்கல்ல?" "சாப்பிட்டியாம்மா?" என்கிறார் சூப்பர்வைசர்.