யூஜினின் புது மீசை

சர்க்கஸ் பேண்டோடு ஒன்றரை வருஷம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு, ஜீவனஹள்ளி வீட்டு வாசலில் ஜட்காவிலிருந்து இறங்கினான் யூஜின். பெண்டாட்டியைப் பார்த்து ஒரு சிரிப்புக்கூட இல்லை.

"ரங்கூன் வரைக்கும் போயிட்டு வந்த மனுஷனுக்கு வாயில என்ன கொழுக்கட்டையா?" என்றாள் பவுலின்.

"ம்" என்றான், அடர்ந்த புது மீசைக்குள்ளிருந்து.

ஏமாறுகிறவளா பவுலின்? புருஷன் வாயடைத்துப் போனால் மனசில் இன்னொருத்தி புகுந்துவிட்டாள் என்று அர்த்தம். அந்த சர்க்கஸில் கம்பிமேல் நடக்கிற பெண்கள் மட்டுமே ஆறு பேர்!

"நாளைக்கு மாதா திருவிழா. தேர் பவனியில நீங்கதான் டிரம்பெட்னு பேண்டு மாஸ்டர்கிட்ட சொல்லிட்டேன். அதையாவது ஊதுவீங்களா?"

மாட்டேன் என்று தலையாட்டினான்.

அவ்வளவுதான். டிரம்பெட் பெட்டியை இழுத்துத் திறந்தாள். உள்ளே இரண்டு டிரம் குச்சிகள்தான் கிடந்தன.

"நம்ம கல்யாணத்துக்கு எங்கப்பா வாங்கிக் கொடுத்த டிரம்பெட்டை எவளுக்குத் தூக்கிக் கொடுத்தீங்க? வாயைத் திறங்க!"

திறந்தான். மேல்வரிசையில் முன்பல் நான்கும் இல்லை.

"வாசிச்சிட்டிருக்கும்போதே குதிரை உதைச்சிடுச்சு. டிரம்பெட் நசுங்கிப் போச்சு. பல்லில்லாம இனிமே வேற டிரம்பெட்டையும் ஊத முடியாது. ஆறு மாசமா டிரம்தான் வாசிக்கிறேன். உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு..."

பவுலின் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள். குச்சிகளை எடுத்து அவன் கையில் திணித்தாள்.

"பவனிக்கு டிரம்மும்தான் வேணும், கிளம்புங்க. பல்லுதானே போச்சு! நான் புருஷனே போயிட்டார்னு இல்ல நெனச்சேன்!"