கிளி போட்ட ஜுத்தி

"அந்தம்மா கால்ல என்ன இருக்குன்னு பாருடி!" அண்ணி மன்ஜோத், அவ்னீத்தின் கையில் நறுக்கென்று கிள்ளினாள்.

அவ்னீத் பார்த்தாள். பகீரென்றது.

அவளுடைய கல்யாண ஜுத்தி! கருஞ்சிவப்புத் தோலில் தங்க ஜரிகை, முன்னால் ஒரு ஜோடி பச்சைக் கிளி. போன மாதம் பட்டியாலா கோட்டை பஜாரில் உட்கார்ந்து, கிளிதான் வேண்டும் என்று அடம்பிடித்து அவளே சொல்லிச் செய்யவைத்த செருப்பு. தயாரானதும் கடையிலிருந்து வாங்கி வைப்பதாகச் சொல்லியிருந்த வருங்கால மாமியார் நசீப் கௌர், அதையே போட்டுக்கொண்டு கூடத்துக்கும் சமையலறைக்குமாக நடந்துகொண்டிருந்தாள்.

கல்யாணத்துக்கு இன்னும் ஒரு வாரம்தான். பூவேலைத் துப்பட்டா வாங்க இருவரும் காலையில்தான் பட்டிண்டாவிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தார்கள். வந்ததற்கு ஷீஷ் மஹால் அரண்மனையையும் ஒரு எட்டு பார்த்துவிட்டு, சொல்லாமல் கொள்ளாமல் சம்பந்தி வீட்டுக்குள் நுழைந்தால் இந்தக் காட்சி.

அவர்களைப் பார்த்ததும் நசீப் கௌர் திடுக்கிட்டாள். தொளதொள சல்வாரை அவசரமாகக் கீழே இழுத்துக் காலை மறைத்தாள்.

"வா கண்ணு, வாங்கம்மா! ஒரு வார்த்தை சொல்லியிருந்தா பஸ் ஸ்டாண்டுக்கு ஆள் அனுப்பியிருப்பேனே. உட்காருங்க, லஸ்ஸி கொண்டுவரேன்."

திரும்பி வந்தபோது காலில் ரப்பர் செருப்பு.

அண்ணியா விடுவாள்? "ஆன்ட்டி ஜி, ஜுத்தி தயாராயிடுச்சாமே. குடுங்க, கையோட எடுத்துட்டுப் போயிடறோம்."

"அது... இங்கேயே இருக்கட்டும்மா. கல்யாணத்தன்னிக்குக் காலையில நானே கொண்டுவந்து தரேன்."

"அதுவரைக்கும் புதுசாவே இருக்குமா?"

நசீப் கௌரின் முகம் சிவந்தது. "பர்ஃபி எடுத்துட்டு வரேன்" என்று உள்ளே நழுவினாள்.

"பார்த்தியா நழுவறதை?" அண்ணி குசுகுசுத்தாள். "பட்டியாலாக்காரங்களுக்கு இன்னும் மகாராஜா ஆட்சி நடக்கறதா நினைப்பு. மருமகளுக்குச் செஞ்சதை மகாராணி மொதல்ல போட்டுப் பார்க்கறாங்க! இன்னிக்கு ஜுத்தி, நாளைக்கு உன் வளையல், அப்புறம் உன் சம்பளம். இப்பவே உங்கண்ணனுக்கு போன் போடறேன். இந்தச் சம்பந்தம் வேண்டாம்."

அவ்னீத்துக்குக் கண் கலங்கிவிட்டது. தாய் முகம் தெரியாமல் வளர்ந்தவள் அவள். நிச்சயமான அன்று மாப்பிள்ளையைவிட மாமியாரைப் பார்த்துத்தான் பூரித்துப் போனாள். அம்மா என்று கூப்பிட ஓர் ஆள் வந்தாச்சு என்று எத்தனை ஆசை! அந்த ஆளுக்குக் கேவலம் ஒரு செருப்பின்மேல் ஆசை.

"பொறு அண்ணி. நானே நேரா கேட்டுடறேன். அப்புறமா போன் போடு."

கேட்க வாய்ப்பே கிடைக்கவில்லை. அதற்குள் நசீப் கௌர் துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு புறப்பட்டுவிட்டாள். "இவ்வளவு தூரம் வந்துட்டு குருத்வாராவுக்குப் போகாம திரும்பறதாவது? நடங்க, நடங்க."

குருத்வாரா வாசலில் மூவரும் செருப்பைக் கழற்றிக் கொடுத்தார்கள். படிக்கு முன்னால், கால் கழுவ ஓடிக்கொண்டிருந்த தண்ணீரில் முதலில் இறங்கியவள் நசீப் கௌர்தான்.

"ஸ்ஸ்..." பல்லைக் கடித்துக்கொண்டு அவ்னீத்தின் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

அவ்னீத் குனிந்து பார்த்தாள். இரண்டு குதிகாலிலும் பிளாஸ்திரி. அதில் ஒன்று தண்ணீரில் பிய்ந்து மிதந்தது. அது இருந்த இடத்தில் தோல் உரிந்து சிவப்பாகத் தசை தெரிந்தது.

"ஐயோ! என்ன ஆன்ட்டி ஜி இது?"

"ஒண்ணுமில்ல. நீ நட."

"இது ஜுத்தி கடிச்ச புண்ணு" என்றாள் அண்ணி மெல்ல. தன் கல்யாணத்தில் நொண்டிக்கொண்டே மேடையில் நின்றவளுக்கு இது தெரியாதா? கையிலிருந்த போனைப் பைக்குள் போட்டாள்.

மாட்டிக்கொண்ட குழந்தை மாதிரி சிரித்தாள் நசீப் கௌர். "புது ஜுத்தி கடிக்காம விடாதும்மா. அன்னிக்குப் பூரா இவ அதுலதானே நிக்கணும்? என் கல்யாணத்தப்போ எங்கம்மா இப்படித்தான் வீட்டுக்குள்ளயே போட்டு நடந்து, பதமாக்கிக் குடுத்தாங்க. என்ன, என் கால் இவ காலைவிடக் கொஞ்சம் பெரிசு. அதான் ரொம்பவே கடிச்சுடுச்சு."

"எங்ககிட்ட சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா இவ விடுவாளா?"

அவ்னீத்துக்கு வாழ்நாளில் யாருக்கும் இவ்வளவு நன்றி சொல்லத் தோன்றியதில்லை. ஈரத்தைப் பார்க்காமல் அப்படியே உட்கார்ந்து, அந்தக் காலை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டாள்.

"எழுந்திரு கண்ணு, எல்லாரும் பார்க்கறாங்க" என்று அவள் தலையைத் தடவினாள் நசீப் கௌர். "உங்கம்மா இருந்திருந்தா இந்தப் புண்ணு அவங்க கால்ல இருந்திருக்கும். அவங்க வேலையை நான் எடுத்துக்கிட்டேன், அவ்வளவுதான்."