ஞா

“என் நல்ல கிட்னியை எடுக்க விட்டுட்டு, இப்ப உதட்டை வேற நனைக்க வந்துட்டியா?”

அப்துல் ரவூப் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். ஈரத்துணியுடன் நீண்ட மனைவி லத்தீபாவின் கை அந்தரத்தில் நின்றது.

இடது சிறுநீரகத்தில் கட்டி கண்டு, யாங்கோன் நகரின் ஒரு தனியார் மருத்துவமனையில் அவரைச் சேர்த்திருந்தார்கள். கட்டி வெளியே பரவியிராவிட்டால் வயிற்றைக் கிழிக்காமல், சிறு துளைகள் வழியே காமிராவைச் செலுத்திச் சிறுநீரகத்தையே எடுத்துவிடலாம், மாலை அஸர் தொழுகை வரை ஆகும் என்று மருத்துவர் கூறியிருந்தார். ரவூப் கண் விழித்தபோது, அருகிலிருந்த பள்ளிவாசலில் நண்பகல் லுஹர் பாங்குதான் ஒலித்துக்கொண்டிருந்தது.

மயக்கம் முற்றும் தெளியாத அவ்வேளையில், திரைச்சீலைக்கு அப்பால் மனைவியும் மருத்துவரும் பர்மிய மொழியில் கிசுகிசுத்தனர். ஒரு சொல் மட்டும் அவர் காதில் தெளிவாக விழுந்தது: “ஞா.” அதாவது, வலப்பக்கம்!

“வலது இடது தெரியாத டாக்டரை உன் தம்பி எங்கே புடிச்சான்? லத்தா சந்தையில கூறு போட்டு வித்தாங்களா?”

“மெதுவாப் பேசுங்க மச்சான், தையல் இழுக்கும்.”

“இழுக்கட்டும்! நோவு புடிச்சது மட்டும் மிச்சம். அதை வச்சுக்கிட்டு எத்தனை நாள் ஓட்டுவேன்? அந்தாளோட சேர்ந்து எங்கிட்டயே மறைக்கறே. கூட வாழ்ந்தவ செய்யற காரியமா இது?”

லத்தீபா போர்வையை விலக்கி, அவருடைய சட்டையை உயர்த்தினாள். மூன்று சிறு பிளாஸ்திரிகள் தெரிந்தன. மூன்றும் இடப்பக்கத்தில் இருந்தன.

ரவூபுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. “அல்ஹம்துலில்லாஹ்!” என்று அவள் கையைப் பற்றிக்கொண்டார். “உன்னைப் போய்ச் சந்தேகப்பட்டேன் பாரு, கிறுக்கன் நான். கோவிச்சுக்காதே புள்ள.”

அவள் மற்றக் கையால் போர்வையை இழுத்து மூடினாள்.

“அப்ப டாக்டர் சயாகிட்ட ஞா, ஞான்னு எதைச் சொன்னே?”

“ஞான்னா வலப்பக்கம் மட்டுமா மச்சான்? பொய் சொல்றதுக்கும் அதே சொல்லுதானே. உங்ககிட்ட ஒரு பொய் சொல்லச் சொல்லி, நான்தான் அவர் காலைப் புடிச்சேன்.”

ரவூபின் சிரிப்பு பாதியில் நின்றது. “என்ன பொய்?”

“இடது கிட்னியை எடுத்தாச்சுன்னு.”