நம்பகமான துப்பாக்கி

அமெரிக்காவின் டல்சா நகரில் ஒரு துப்பாக்கிக் கடையில் வேலை பார்த்தான் வெண்டல். இடுப்பில் மறைத்துச் செல்லும் சிறு துப்பாக்கிகளைச் சுட்டுப் பார்த்துத் தரம் சொல்வான். எழுபதைத் தாண்டிய லோரெய்ன், தன் கணவரின் துப்பாக்கியைச் சோதிக்கக் கொடுத்தாள்.

வெண்டல் அதை மணலில் புரட்டியெடுத்துச் சுட்டான். தோட்டா ஒருமுறைகூடச் சிக்கவில்லை.

“அருமையான சாமான்மா. நம்பி வச்சுக்கலாம்.”

அவள் முகம் வாடியது. “இது சுடாதபடி பண்ண முடியுமா?”

“எதுக்கும்மா? பேசாம வித்துடுங்களேன்.”

“இது இடுப்புல இல்லாம அவர் வாசலைத் தாண்டமாட்டார். போலீஸ்ல இருந்தவர்.”

“அப்போ சுடட்டுமே.”

“நேத்து சமையலறையில என் பக்கம் நீட்டி, ‘யாரு நீ? என் பொண்டாட்டி எங்கே?’ன்னு கேட்டார்.”

வெண்டல் துப்பாக்கியைப் பிரித்தான். தோட்டாவைத் தட்டும் ஊசியை உருவி அவள் உள்ளங்கையில் வைத்தான்.

“கண்டுபிடிச்சிடுவாரா?”

“எடையில தெரியாதும்மா.”