பூமாரியின் நான்கு சீட்டுகள்

"என் சீட்டுக்கு ஜெபிச்சீகளாய்யா?"

ஆராதனை முடிந்து சின்னமனூர் ஆலய வாசலில் நின்று எல்லாரையும் வழியனுப்பிக்கொண்டிருந்த போதகர் பிரின்ஸ் ஒரு கணம் திகைத்தார்.

பூமாரி மேகமலையில் ஏலக்காய் எடுப்பவள். ஞாயிறுதோறும் முதல் பஸ் பிடித்து இறங்கி வருவாள். மகளிடம் எழுதி வாங்கிய ஜெப விண்ணப்பத்தை நாலாக மடித்து அவர் கையில் வைப்பாள்.

கடைசி நான்கு சீட்டுகளும் அவருடைய வேதாகமத்தின் ஜிப் உறைக்குள் மடிப்புக் கலையாமல் கிடந்தன.

"தினமும் ஜெபிக்கிறேம்மா."

பொய் அவ்வளவு சுளுவாக வந்தது அவருக்கே கூசியது.

பூமாரி அவர் முகத்தையே பார்த்தாள்.

"வீட்டுக்காரருக்கு முழங்கால் இப்ப எப்படி?" என்றார் அவசரமாக. போன வருஷம் முழுக்க அவள் சீட்டில் அந்த முழங்கால்தான்.

"அதுக்கென்னய்யா, நேத்து பக்கத்து லயத்து வீட்டுச் சேவலைத் துரத்திக்கிட்டு ஓடுறாக!" சிரித்துக்கொண்டே ஒரு தூக்குவாளியை நீட்டினாள். "கொழுக்கட்டை. உக்காந்து சாப்பிடுங்கய்யா. நின்னுக்கிட்டே முழுங்காதீக."

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று ஓடினாள்.

பிரின்ஸ் அங்கி மாற்றும் அறைக்குள் வந்து கதவைச் சாத்தினார். தூக்குவாளி இன்னும் இளஞ்சூடாக இருந்தது. திறக்க மனம் வரவில்லை.

மூன்று கல்யாணம், இரண்டு அடக்கம், சுற்றுச்சுவர் வேலை, ஆஸ்பத்திரி, வீட்டு ஜெபங்கள். காரணங்கள் வரிசையாக வந்தன. ஒன்றும் நிற்கவில்லை. வேதாகமத்தைத் திறந்தால் அடுத்த பிரசங்கத்துக்குக் குறிப்பு எடுக்கத்தான். கண்ணை மூடினால் யாராவது ஒருவர் தலையில் கை வைத்து ஜெபிக்கத்தான். யாரும் இல்லாதபோது தனியாக அவர் முழங்கால் போட்டு எத்தனை மாதம் ஆயிற்று?

இப்போதாவது ஜெபித்துவிடலாம். சொன்னது பாதியாவது உண்மையாகட்டும்.

உறையின் ஜிப்பை இழுத்து, முதல் சீட்டைப் பிரித்தார்.

'எங்க ஐயா எல்லாருக்காகவும் ஜெபிக்கிறாக. முகம் வாடிக் கிடக்கு. ஒரு நாளாவது அவுக தனக்காக உக்காந்து ஜெபிக்கணும்.'

இரண்டாவதைப் பிரித்தார். அதே வரிகள். மூன்றாவதும் அதுதான்.

நான்காவதில் மட்டும் கீழே கூடுதலாக ஒரு வரி: 'இந்த வாரமும் முகம் தெளியல ஆண்டவரே.'

மேஜையில் போன் அடித்தது. யார் கூப்பிட்டாலும் இரண்டாவது மணிக்குள் எடுத்துவிடுகிறவர் அவர்.

அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது.

சிமெண்ட் தரையில் முழங்கால் போட்டிருந்தார் பிரின்ஸ். நான்கு சீட்டும் கைக்குள் இருந்தன.

"ஆண்டவரே, பூமாரிகிட்ட நான் பொய் சொல்லிட்டேன்."

எழுந்திருக்கத் தோன்றவில்லை.