கமா போடும் இடம்

"இந்த இடத்துல கமா வருமாம்மா?" என்று அச்சகத்தில் புத்தகம் தைக்கும் பைண்டர் ஒரு தாளை நீட்டினார்.

அதே அச்சகத்தில் ஆங்கில மெய்ப்புத் திருத்தும் அவள், வாங்கிப் படித்ததும் திடுக்கிட்டாள். 'ஆஸ் ஃபார் ஆஸ் ஐ நோ ஐ லவ் யூ' என்று தொடங்கியது கடிதம். மனைவியை இழந்து ஆறு வருடமான மனிதர். அவளுக்கோ இருபத்தாறு வயது. தினமும் மேஜைக்கு வந்து நலம் விசாரித்தது இதற்குத்தானா?

"'நோ'வுக்குப் பின்னாடி கமா வரும் சார்," என்றாள் வறண்ட குரலில். "ஆனா அதுக்கு 'எனக்குத் தெரிஞ்ச வரைக்கும்'னு அர்த்தம். உங்களுக்கே சந்தேகம்னு ஆயிடும்."

"ஐயையோ! மரியாதையா இருக்கும்னு நினைச்சேனே. அடிச்சிடும்மா. அவங்க இங்கிலீஷ் டீச்சர், சிவப்பு மையில சுழிச்சு அனுப்பிடுவாங்க."

தனக்கில்லை! அப்பாடா என்றிருந்தது. "யார் சார் அந்த அதிர்ஷ்டசாலி?"

பைண்டர் தலையைக் குனிந்துகொண்டார். "உன் அம்மாதான். அதான் முதல்ல உன்கிட்டக் காட்டினேன்."

கோபம் வருமென்று நினைத்தாள், வரவில்லை. அப்பா போய்ப் பத்து வருடமாகச் சிரிப்பையே மறந்திருந்த அம்மா, போன மாதம் இவர் தங்கள் வீட்டுக்கு வந்திருந்த அன்று வாய்விட்டுச் சிரித்தது நினைவுக்கு வந்தது.

கடைசி வரி, 'ஐ வான்ட் டு மேரி யூ'. அவள் பேனாவை எடுத்தாள். 'வான்ட்'டுக்குப் பக்கத்தில், 'உங்கள் மகளின் சம்மதத்தோடு' என்று ஆங்கிலத்தில் சேர்த்து, இரண்டு பக்கமும் கமா போட்டாள்.